ஊர் நூதனசாலை வைக்க ஆசையா? முதலில் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள்

ஊரில் நூதனசாலை தொடங்கவேண்டும் என்று யோசனை கேட்டு வருகிறவர்கள் பலரும் கட்டட வரைபடத்தோடுதான் வருகிறார்கள். எந்த அரசியல்வாதியைப் பிடிப்பது, கனடாவில் இருக்கிற ஊர்க்காரர் எவ்வளவு தருவார்கள், திறப்புவிழாவுக்கு யார் பிரதம அதிதி என்பதுவரை பேசி முடித்திருப்பார்கள். "பதிவேடு எங்கே?" என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் சுனாமிக்குப் பிறகு ஒரு நிறுவனம் கட்டிக்கொடுத்த அழகான மண்டபம் ஒன்று இருக்கிறது. கலாசார நிலையம் என்று பெயர்ப்பலகையும் உண்டு. உள்ளே இப்போது கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு விடும் கதிரைகள் அடுக்கியிருக்கின்றன. ஒரு மூலையில் சில குத்துவிளக்குகள், ஒரு மத்தளம், ஒரு பெட்டகம். யார் கொடுத்தது, எந்த வீட்டுச் சாமான் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கொடுத்த மனுசி செத்துப்போனா, வாங்கிய தம்பி வெளிநாடு போய்விட்டார்.

அதனால் நான் கொப்பியில் தொடங்குகிறேன். கட்டடம் கடைசியில் வரும்.

நான் மட்டக்களப்புக் கோட்டைக்குள் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்), ஆவண அறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். போர்த்துக்கேயர் 1628 இல் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்ட கோட்டை அது. அந்தச் சுவர்களுக்குள் இருந்து நான் படித்தது, இலக்கம் விழாத பைல் காணாமல்போன பைல் என்பதுதான். அறைக்குள்ளேயே கிடந்தாலும் காணாமல்போனதுதான். இப்போது களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சங்கத்துக்குப் பதிவாளர். சம்பளம் இல்லாத உத்தியோகம், ஆனால் அதிகாரம் நிறைய!

எங்கள் பகுதியில் பழையது மிஞ்சியிருப்பதே பெரிய காரியம். 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை போன வீடுகளில், பெட்டகத்துக்குள் இருந்த ஏடும் காணி உறுதியும் கூழாகின. 2004 டிசம்பர் 26 இல் கரையோரத்தில் பல குடும்பங்களுக்குக் கலியாணப் படம்கூட மிஞ்சவில்லை. இடையில் யுத்தம். ஓடுகிறபோது பிள்ளையைத் தூக்குவதா, பெட்டகத்தைத் தூக்குவதா? இவ்வளவுக்கும் தப்பியதை இன்று பழைய இரும்பு, பித்தளை வாங்குகிற லொறிக்காரர் நிறுத்து எடுத்துக்கொண்டு போகிறார். அவரில் பிழை இல்லை. நாம் ஒரு பெறுமதி சொல்லாதபோது அவர் கிலோவுக்கு ஒரு விலை சொல்கிறார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வரலாற்றுச் சங்கம் என்றால் பேராசிரியர்கள் கூடும் இடம் என்று நினைத்துப் பின்வாங்காதீர்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒன்றாக இப்படிச் சங்கங்கள் இருக்கின்றன. மிகப் பழையது மசாசூசெட்ஸில், 1791 இல் ஒரு பாதிரியாரும் அவருடைய நண்பர்களும் தொடங்கியது. மினசோட்டாவில் சங்கம் 1849 இல் பிறந்தது, மினசோட்டா ஒரு மாநிலமாக ஆனதோ 1858 இல். வரலாறே இனித்தான் வரப்போகிறது என்ற இடத்தில் அதைச் சேர்த்துவைக்க ஆட்கள் முன்கூட்டியே உட்கார்ந்துவிட்டார்கள். இன்று அந்தச் சங்கம் நூதனசாலைகளையும் பழைய வீடுகளையும் நடத்துகிறது. நமக்கு அவ்வளவு பணம் இல்லை. பதிவேடு எழுத அவ்வளவு பணம் தேவையும் இல்லை.

சங்கம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏழெட்டுப் பேர் போதும். கூத்துத் தெரிந்த ஒருவர் (அண்ணாவியார் கிடைத்தால் விடாதீர்கள்), பழைய போடியார் (பெரிய வயற்காரர்) குடும்பத்தில் ஒருவர், மாதர் சங்கத்தில் இரண்டு பேர், நல்ல போன் வைத்திருக்கும் இரண்டு இளம் பிள்ளைகள், பக்கத்து ஊரிலிருந்து ஒரு முஸ்லிம் அன்பர். கடைசியாகச் சொன்னவரை மரியாதைக்குச் சேர்ப்பதாக நினைக்கவேண்டாம். எங்கள் வட்டையில் (வயல்வெளியில்) ஒரே வாய்க்கால் தண்ணீரில் இரண்டு ஊரும் வேளாண்மை செய்திருக்கிறது. மருதமுனைத் தறியில் நெய்த சாரத்தைக் கட்டாத தமிழ் வீடு உண்டா? பாதிக் கதை அவர்களிடம் இருக்கிறது.

வங்கிக் கணக்கு இரண்டு கையொப்பத்தில் இருக்கட்டும். யாப்பு, அதாவது சங்க விதிகள், எழுதும்போது பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரிடம் காட்டி எழுதுங்கள். யாப்பில் ஒரு வாசகம் கட்டாயம்: சங்கம் கலைந்தால் பொருட்கள் யாரிடம் போகும். பொது நூலகமா, பல்கலைக்கழகமா, கொடுத்த குடும்பத்திடமே திரும்பிப் போகுமா? இதை எழுதாத சங்கத்துக்கு நான் என் வீட்டுச் சுளகைக்கூடக் கொடுக்கமாட்டேன்.

எதைத் தொடக்கூடாது

தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கம். அதன்படி 1815 மார்ச் 2 க்கு முற்பட்டதாகக் கருதப்படும் பொருள் தொல்பொருள். கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. கிணறு வெட்டும்போதோ வரம்பு கட்டும்போதோ எழுத்துள்ள கல், பழைய நாணயம், சிலை எது வந்தாலும் பொலிசுக்கோ, மாவட்டச் செயலாளருக்கோ, தொல்பொருள் திணைக்களத்துக்கோ அறிவிக்கவேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். கோயிலுக்குப் பக்கத்தில்தானே, நம்முடைய காணிதானே என்ற கதை எடுபடாது.

எங்கள் சனம் கல் கிடைத்தால் வாய் திறக்கப் பயப்படுகிறது. பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 2020 இல் கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்தபோது அதில் முதலில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. கல்லைக் காட்டினால் காணி போய்விடும் என்று நினைக்கிற விவசாயியை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் இராத்திரியோடு இராத்திரியாக உடைத்து வாய்க்காலில் போடுகிற வேலையும் நடக்கிறதே, அதுதான் வயிற்றெரிச்சல். அந்தக் கல்லில் இருந்தது நம் ஊரின் பெயராகக்கூட இருந்திருக்கலாம். செய்யவேண்டியது இதுதான். அசைக்காமல், பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்து நாலாபக்கமும் படம் எடுங்கள். எந்த வட்டை, யாருடைய வயல், எந்த வரம்பிலிருந்து எத்தனை அடி என்று எழுதுங்கள். கிராம உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டு எழுத்தில் அறிவியுங்கள். பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்காமல் திரும்பிவராதீர்கள். படமும் பிரதியும் இருந்தால், கல் எங்கே போனாலும் எங்கிருந்து போனது என்பது நம் கையில் இருக்கும்.

ஊர் நூதனசாலைக்குத் தேவையானதெல்லாம் பெரும்பாலும் 1815 க்குப் பிந்திய வீட்டுச் சாமான்தான். ஆகவே கவலைப்படாமல் மேலே போகலாம்.

பதிவேடு

தைத்துக் கட்டிய, கனமான மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி. ஒற்றை கழற்றிப் போடும் பைல் வேண்டாம், பக்கம் கிழிந்தால் தெரியாது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை பக்க இலக்கம் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். பதிவேட்டில் கறுப்பு மை. பிழை வந்தால் ஒற்றைக் கோடு கிழித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையொப்பம். வெள்ளை மை பூசி மறைப்பது கச்சேரியில் குற்றம், என் பதிவேட்டிலும் குற்றம்.

இலக்கம் எளிதாக இருக்கட்டும். ஆண்டு, ஒரு புள்ளி, அந்த ஆண்டில் எத்தனையாவது பொருள். 2021.7 என்றால் 2021 இல் வந்த ஏழாவது பொருள். மூடியுள்ள பெட்டி என்றால் பெட்டி 2021.7அ, மூடி 2021.7ஆ. வகைக்கு ஓர் எழுத்து, ஊருக்கு ஓர் எழுத்து என்று சில படித்த பிள்ளைகள் நீளமாக இலக்கம் போடுவார்கள். இரண்டு வருடத்தில் அவர்களுக்கே விளங்காது. ஒரு தடவை கொடுத்த இலக்கத்தை, பொருள் உடைந்தாலும் திருட்டுப்போனாலும், இன்னொன்றுக்குக் கொடுக்கவே கூடாது.

ஒவ்வொரு பொருளுக்கும் எழுதவேண்டியவை: வந்த திகதி, ஊரில் அதற்குச் சொல்லும் பெயர், எதனால் செய்தது, அளவு, இப்போதைய நிலை, கொடுத்தவர், அது எப்படி அவரிடம் வந்தது, என்னத்துக்குப் பாவித்தார்கள், நன்கொடையா இரவலா, இப்போது எந்தத் தட்டில் இருக்கிறது. ஒரு மாதிரிக்கு:

"2021.7. வெற்றிலை வட்டா. பித்தளை. விட்டம் 31 சென்ரிமீற்றர். விளிம்பில் ஓரிடம் நெளிவு. அடியில் புள்ளியடித்துப் பெயர் எழுதியிருக்கிறது, மூன்று எழுத்து வாசிக்க முடிகிறது. கொடுத்தவரின் தாயின் தாய்க்குச் சீதனத்தோடு வந்தது. கலியாணத்துக்கு அழைக்கப் போகும்போது கொண்டுபோனது. நன்கொடை. தட்டு 2."

இதில் 'தாயின் தாய்' என்ற இடத்தைக் கவனியுங்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். குடியும், அதாவது குலமும், தாய்வழியில்தான், தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும். சாமானும் அதே வழியில் நடந்திருக்கும். அதனால் பொருளின் கதையை வீட்டுத் தலைவரிடம் கேட்காதீர்கள். அவர் அந்த வீட்டுக்குக் கலியாணம் செய்து வந்தவர், பாவம், அவருக்கு என்ன தெரியும்? குசினிப் பக்கம் போய் அம்மாவிடமும் பெத்தாவிடமும் கேளுங்கள். எங்கள் பதிவேட்டில் தாய்வழிக்கென்று ஒரு தனி நிரலே வைத்திருக்கிறோம். யாருடைய தாய், அவவின் தாய், அதற்கு மேலே தெரிந்தவரை.

கொடுக்கிறவருக்கு ஒரு துண்டு கொடுக்கவேண்டும். கார்பன் வைத்து இரண்டு பிரதி. நன்கொடை என்றால் நன்கொடை என்று தெளிவாக, கையொப்பத்தோடு. இரவல் என்றால் திருப்பிக் கொடுக்கும் திகதியோடு. 'கொஞ்சநாள் வைத்திருங்கோ' என்று சொல்லித் தருவதை வாங்கவே கூடாது. பத்து வருடம் கழித்து மருமகன் வந்து கேட்பார், சண்டை வரும். கோயில் வரிசையில் எந்தக் குடிக்கு முதல் மரியாதை என்று வழக்குப் பேசுகிற ஊர்கள் இவை. நன்கொடையாளர் படங்களைச் சுவரில் மாட்டும் யோசனையையும் இதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள்.

பொருளில் இலக்கத்தை எப்படி எழுதுவது? வெள்ளைப் பருத்தி நாடாவில் எழுதி, நூலால் தளர்வாகக் கட்டுவது எல்லாவற்றிலும் நல்லது. துணியென்றால் நாடாவை இரண்டு தையலில் ஓரத்தில் தையுங்கள். கடுதாசி, படம் எல்லாவற்றுக்கும் பின்பக்க மூலையில் மெதுவான பென்சில், 2பி நல்லது. போல்பொயின்ற் பேனை மறுபக்கம் தள்ளும். செலோரேப் வேண்டவே வேண்டாம், அது மஞ்சளாகி, பசை மட்டும் மிஞ்சும்.

வாங்குவதும் வேண்டாமென்பதும்

நூதனசாலை என்று சொன்னதும் எல்லாரும் முதலில் தூக்கிக்கொண்டு வருவது அம்மி. அடுத்தது உரல். ஓர் அம்மி, ஓர் உரல் போதும். பிறகு வருவதற்கு, "இது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் அக்கா, நாங்கள் படம் எடுத்து எழுதிக்கொள்கிறோம்" என்று சொல்லப் பழகுங்கள்.

கேட்டு வாங்கவேண்டியவை வேறு. நெல் அளந்த மரைக்காலும் கொத்தும், நெல் சேர்த்துவைத்த அட்டுவத்தின் ஒரு பலகையாவது, வாவியில் மீன் பிடித்த கரப்பு, இறால் வடித்த அத்தாங்கு. கூத்து உடுப்புகள், அதிலும் வடமோடிக் கூத்துக்காரரின் கரப்புடுப்பு. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் கூத்துக் கொப்பிகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. நாற்பது பக்கக் கொப்பியில், அண்ணாவியாரின் கையெழுத்தில், தாளக்கட்டோடு. பொருளாதாரக் கணக்குகளையும் விடாதீர்கள். கூட்டுறவுச் சங்கக்கடைப் பங்குச் சீட்டு, வயல் தண்ணீரைப் பார்த்த வட்டவிதானையின் வாய்க்கால் கணக்கு, ஈட்டுக் கடுதாசி. இவை அலங்காரமாக இராது, ஆனால் ஊர் எப்படிச் சாப்பிட்டது என்பது இவற்றில்தான் இருக்கிறது.

முதல் தடவை போனவுடன் யாரும் தரமாட்டார்கள். "மறுகா வா புள்ள, தேடி எடுத்து வைக்கிறன்" என்பார்கள். அது வேண்டாமென்பதன் மரியாதையான வடிவம். திரும்பப் போங்கள், வெற்றிலையோடு போங்கள், பொருளைப் பற்றிப் பேசாமல் ஆளைப் பற்றிப் பேசுங்கள்.

கோயில் சாமான் கோயிலிலேயே

கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசித் திருக்குளிர்த்தியை ஒட்டிக் கண்ணகி கதைப் பாடலான கண்ணகி வழக்குரை படிக்கிறார்களே, அந்த ஏடுகளில் சில இன்னும் கோயில் பெட்டிக்குள் இருக்கின்றன. அவற்றை நூதனசாலைக்குக் கேட்கவே கூடாது. அவை பாவனையில் இருக்கும் பொருட்கள். வண்ணக்கரிடமும் (கோயில் நிர்வாகி) கட்டாடியாரிடமும் (பூசை செய்பவர்) அனுமதி கேட்டு, பெட்டி திறக்கிற நாளில் படம் மட்டும் எடுங்கள். நான் பெண், அந்த இடத்துக்குள் போகமுடியாது. போக நினைக்கவும் இல்லை. கட்டாடியாரின் மகனுக்குப் போனில் எப்படி எடுப்பது என்று என் வீட்டு விறாந்தையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அவர் குளித்து, விரதத்தோடு, எல்லா ஏட்டையும் இரண்டு பக்கமும் எடுத்து வந்தார். பதிவேட்டில் 'இடம்' என்ற நிரலில் 'கோயில்' என்று எழுதினோம். இரு கட்சியாக நின்று இழுக்கும் கொம்பு விளையாட்டுக் கொம்புகளுக்கும் இதே முறைதான். பள்ளிவாசல் பழைய கொடியென்றாலும், தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேடென்றாலும் இதே முறை.

பராமரிப்பு

எங்கள் எதிரிகள் மூன்று: ஈரம், கறையான், ஆர்வக்கோளாறு. மூன்றாவதுதான் அதிகம் அழித்திருக்கிறது.

பித்தளையைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைக்காதீர்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் மேற்பரப்பு கொஞ்சம் போகும். புள்ளியடித்த பெயர்கள்தான் முதலில் அழியும். காய்ந்த மெல்லிய துணியால் தூசி துடைத்தால் போதும். இரும்பில் துருவைக் காய்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, மெல்லியதாக மெழுகு. தேங்காயெண்ணெய் பூசினால் சிக்குப் பிடித்துத் தூசி ஒட்டும்.

ஏட்டைத் தண்ணீர்த் துணியால் துடைக்கக்கூடாது. மிருதுவான தூரிகையால், ஏட்டின் நீளவாட்டில் மட்டும். ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பிரிக்க முயலாதீர்கள், அப்படியே வையுங்கள், தெரிந்தவர் வரும்வரை. எண்ணெய் பூசும் வேலையும் அவருக்கே. கட்டும் கயிறு தளர்வாக இருக்கட்டும், இறுக்கினால் துளை கிழியும். இரண்டு பக்கமும் பலகை வைத்து, சாயம் போகாத பருத்தித் துணியில் சுற்றுங்கள். வேப்பிலை போடுவது வழக்கம். காய்ந்த இலையே பூச்சிக்கு இரையாகிவிடும் என்பதால் நான் போடுவதில்லை.

பழைய கடுதாசியை லமினேற் பண்ணுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு கழற்றவே முடியாது. உறுதி, பிறப்புச் சான்று, கூத்துக் கொப்பி எதையும் லமினேற் பண்ணாதீர்கள். கம்பிப் பின்களைக் கழற்றிவிடுங்கள், துருப்பிடித்துக் கடுதாசியைத் தின்னும்.

அலுமாரி சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி நிற்கட்டும். கறையான் பாதை சுவரில் தெரியும். கால்களுக்குக் கீழே தண்ணீர்ச் சிரட்டை வைப்பது பழைய வழக்கம், இப்போது அது நுளம்புக்கு வீடு. டெங்கு வரும். கிண்ணத்தில் பழைய இயந்திர எண்ணெய் ஊற்றினால் சரி.

வெள்ளம் வந்து நனைந்துவிட்டால் நேரம் இல்லை. இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். படங்கள் சேற்றில் நனைந்திருந்தால் நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, படம் மேலே பார்க்க, ஒன்றோடொன்று ஒட்டாமல், நிழலில் காற்றில் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் சுருளும். கொப்பிகள் நிறைய நனைந்து, காயவைக்க ஆள் இல்லை என்றால், எண்ணெய்த் தாளில் தனித்தனியாகச் சுற்றி உறைகுளிரில் போடுங்கள். உறைந்திருக்கும்வரை பூஞ்சணம் வளராது. ஆறுதலாக ஒவ்வொன்றாக எடுத்துக் காயவைக்கலாம். மீன் வாடிக்காரர் ஒருவரோடு இப்போதே சிநேகமாக இருங்கள், அவரிடம் பெரிய உறைபெட்டி இருக்கும்.

படம் எடுப்பதும் பல இடத்தில் வைப்பதும்

ஸ்கானர் இருந்தால் ஆவணத்துக்கு 300 டி.பி.ஐ., சிறிய படங்களுக்கு 600. இல்லாவிட்டால் போன் போதும். காலை நேரம், விறாந்தை நிழல், கீழே கறுப்புத் துணி, பக்கத்தில் அடிமட்டமும் இலக்கத் துண்டும். பிளாஷ் வேண்டாம். ஒட்டும் பக்கங்கள் உள்ள அல்பத்திலிருந்து படத்தை உரிக்காதீர்கள், அல்பத்தோடேயே எடுங்கள். எடுத்த படத்தை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். கோப்பின் பெயர் பதிவேட்டு இலக்கமே: 2021-007-01 என்று.

மூன்று பிரதி. ஒன்று சங்கக் கணினியில், ஒன்று தனி வன்தட்டில், ஒன்று வேறு ஊரில். வன்தட்டை வாவிக்கு அந்தப் பக்கம் வையுங்கள் என்பேன். நாங்கள் கடல் பக்கத்து எழுவான்கரை, எங்கள் வன்தட்டு படுவான்கரையில் ஒரு சம்பந்தி வீட்டில் இருக்கிறது. கடல் வந்தாலும் அங்கே வராது. பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் இதே போலப் படம் எடுத்து வையுங்கள். அச்சான மலர்கள், சிறு நூல்கள், துண்டுப்பிரசுரங்களை நூலகம் நிறுவனத்துக்கும் காட்டலாம். 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்து வருகிறார்கள்.

குரல்கள்

பதிவு செய்யும்போது "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்று பதில் வரும். களவெட்டியில் சூடு போட (நெற்கதிர் மிதிக்க) எத்தனை சோடி மாடு கட்டினீர்கள், இராத்திரி யார் காவல், முதல் நெற்பொலியை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பொருளைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது. கை ஞாபகம் வைத்திருக்கும்.

யார், எந்த ஊர், எந்தத் திகதி என்று ஒலிப்பதிவின் தொடக்கத்திலேயே சொல்லவையுங்கள். யார் கேட்கலாம், எப்போது கேட்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டு எழுதுங்கள். "நான் செத்தபிறகு" என்றால் அப்படியே. யுத்த காலத்தைப் பற்றி நீங்களாகக் கிளறாதீர்கள். சொன்னால் கேளுங்கள். 1990 இல் இங்கே நடந்த கொலைகளைப் பற்றி ஒரு தமிழ்த் தாய் சொல்வதும் பக்கத்து ஊரில் ஓர் உம்மா சொல்வதும் வேறுவேறாக இருக்கும். இரண்டையும் பதியுங்கள், சரிபிழை பார்க்காதீர்கள். காணாமல்போன பிள்ளையின் படத்தைக் காட்சிக்குக் கேட்கவேண்டாம். அவர்களாகத் தந்தால் அங்கேயே பிரதி எடுத்து, மூலத்தை உடனே கையில் கொடுங்கள். அந்தத் தாய்க்கு அது நாளைக்கும் ஓர் அலுவலகத்தில் தேவைப்படும்.

இப்போது அறை

பதிவேட்டில் ஐம்பது அறுபது பதிவு விழுந்தபிறகு அறை தேடுங்கள். வாசிகசாலையில் பாவிக்காத ஓர் அறை போதும். 2011 சனவரி வெள்ளம் அந்தச் சுவரில் எவ்வளவு உயரம் வந்தது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். கீழ்த்தட்டு அதற்கு மேலே இருக்கட்டும். கடற்கரைப் பக்கம் பார்த்த யன்னல் என்றால் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். தகரக் கூரைக்குக் கீழே சூடும் குளிரும் மாறிமாறி மரத்தை வெடிக்கச் செய்யும், சீலிங் அடிக்கப் பணம் சேருங்கள்.

எல்லாவற்றையும் காட்சிக்கு வைக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு போதும், மிச்சம் அலுமாரியில். குறிப்பட்டையில் 'கரப்பு, மீன் பிடிக்கும் கருவி' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. 'கரப்பு. முழங்கால் தண்ணீரில் நடந்து, மீன் அசையும் இடத்தில் இதை அமுக்குவார்கள். மேல் வாய்க்குள் கைவிட்டு மீனைப் பிடிப்பார்கள். இதைப் பின்னியவர் இன்னும் ஊரில் இருக்கிறார், வெள்ளிக்கிழமைகளில் இங்கே வருவார்' என்று எழுதுங்கள். பின்னியவர் வந்து உட்கார்ந்தால் குறிப்பட்டையே வேண்டாம். காத்தான்குடிப் பூர்வீக நூதனசாலைக்கு ஒருமுறை போய்வாருங்கள். தங்கள் சனத்தின் வாழ்க்கையை ஆளுயர உருவங்களோடு அடுக்கியிருக்கும் விதத்தைப் பார்த்தால், நமக்கு யோசனை வரும், கொஞ்சம் பொறாமையும் வரும்.

திறந்துவைக்கும் நாளை ஊர்த் திருவிழாவோடு ஒட்டி வையுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் வருவார்கள், அவர்களோடு பழைய படங்களும் வரும். சர்வதேச நூதனசாலை தினம் மே 18. எங்கள் சனத்துக்கு அது முள்ளிவாய்க்கால் நினைவு நாள், வேறு நாள் பாருங்கள்.

மாரி முடிந்து, மாசி பங்குனியில் வருடத்துக்கொரு கணக்கெடுப்பு. ஒருவர் பதிவேட்டை வாசிக்க, இன்னொருவர் பொருளைக் கையில் எடுத்துக் காட்டவேண்டும். இருக்கிறது, இல்லை, பழுது என்று பென்சிலால் ஓரத்தில் குறிப்பு. இல்லாததைப் பற்றி நிர்வாகக் கூட்ட அறிக்கையில் எழுதவேண்டும், வெட்கப்பட்டு மறைக்கக்கூடாது. அலுமாரித் திறப்பு இரண்டு, இரண்டு பேரிடம். ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால், விமானச் சீட்டு எடுக்குமுன் திறப்பையும் பதிவேட்டையும் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு, வாங்கியவர் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் கையொப்பம் வைக்கட்டும்.